முழங்காலளவு என்று நினைத்த ஏரி

விழுப்புரத்தில் வளர்ந்த எனக்கு ஏரி என்றால், கரையிலிருந்து இறங்கி வெகுதூரம் நடந்தாலும் முழங்காலைத் தாண்டாத தண்ணீர்தான். கோடையில் அதுவும் வற்றி, உள்ளே மாடு மேயும். அதனால்தான் போன மாதம் கேரளத்து மழைக்காட்டுக்குள் அணை கட்டித் தேக்கிய அந்தப் பெரிய ஏரியைப் பார்த்தபோது, எதற்கெடுத்தாலும் பயப்படும் நான் பயப்பட மறந்துவிட்டேன்.

படகுக்குக் காத்திருந்தபோது, கல்லூரியில் படிக்கும் என் மகள் செருப்பெல்லாம் சேறு என்றாள்.

"போய் கழுவிக்கினு வாடி, ஏரிதானே" என்று நானேதான் அனுப்பினேன்.

தண்ணீரில் ஒரு காலை வைத்தாள். அடுத்த காலுக்குத் தரை இல்லை. இடுப்புவரை சறுக்கியவள் ஒரு மரவேரைப் பிடித்துக்கொண்டாள். படகுக்காரரும் நானும் ஆளுக்கொரு கையாக இழுத்துக் கரையேற்றினோம்.

"இது மலைப் பள்ளத்தாக்கும்மா. அணை கட்டுனதும் தண்ணி மேல ஏறிடுச்சு. நீங்க நிக்கிறது மலைச்சரிவு" என்றார் அவர்.

கரையேறிய பிறகும் அவள் கையை நான் விடவில்லை. மகளோ சொட்டச் சொட்ட நின்று சிரித்தாள்.

"வூட்டு மாடிப்படியிலயே பாத்து எறங்குன்னுவ. இன்னிக்கு நீயே ஏரியில தள்ளி உட்டுட்டியேம்மா!"

ஊருக்கே திரும்பிவிடலாம் என்றேன்.

"நீ இங்கயே குந்திக்கினு இரு. நான் போய்ட்டு வர்றேன்."

தனியாக அனுப்ப மனம் வரவில்லை. நானும் படகில் ஏறினேன். நடு ஏரியில் அவள் கத்தினாள்.

"அம்மா, யானை! குட்டியோட! அங்க பாரு!"

"பாக்கறேன், பாக்கறேன். நீ மொதல்ல அந்த லைஃப் ஜாக்கெட்ட இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டு."