சாவி கொடுக்காத துரை

எங்கள் ஐயப்பன்தாங்கல் அபார்ட்மெண்டில் சுதந்திர தின மாறுவேடப் போட்டி. எதிர்வீட்டுப் பெண் தன் மகளுக்குப் பாரதமாதா வேஷம் கட்டி, முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. சிரிக்காதீர்கள். ஐம்பதைத் தொடப்போகிறேன், இன்னும் எரிகிறது.

எண்பதுகளில் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஆகஸ்ட் வந்தால் மைதானத்தில் சுதந்திர நாடகம். பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளைக்காரத் துரை தன் கொடியை இறக்கி, அட்டையில் வெட்டிய பெரிய சாவியைப் பாரதமாதாவிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறுவார். இருநூறு வருஷ அடிமைத்தனம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

பாரதமாதா யார்? வேறு யார், பக்கத்து வீட்டுச் செல்விதான். மகாராணிக்கு இடுப்புக்குக் கீழே கூந்தல். எனக்கோ திருத்தணியில் மொட்டை போட்டு, அப்போதுதான் கிராப்பு அளவுக்கு முளைத்திருந்தது. "நீதான்டி துரை" என்று டீச்சர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். வேண்டுதல் எங்கம்மாவுடையது, பலன் செல்விக்கு!

அவள் பட்டுப்புடவையும் கிரீடமுமாக மேடையேறியதும் விசில் பறந்தது. எனக்கு அப்பாவின் காக்கிச் சட்டை, முகமெல்லாம் பவுடர். கொடியை இறக்கினேன். அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். எல்லாமே இவளுக்கா? சாவியை முதுகுக்குப் பின்னால் இறுக்கிக்கொண்டேன்.

"சுதந்திரம் குடுத்துட்டுப் போடி!" படுதாவுக்குப் பின்னாலிருந்து டீச்சர் பல்லைக் கடித்தார்.

"தர மாட்டேன்!"

கூட்டத்திலிருந்து எங்கப்பாவே எழுந்து, "செல்வி, இன்னாம்மா பாத்துகினு கீற? புடுங்கு!" என்று கத்தினார். பெற்ற அப்பா!

செல்வி முந்தானையை இடுப்பில் செருகினாள். "கெஞ்சினாதான் குடுப்பியா? இன்னாத்துக்குக் கெஞ்சணும்? இது எங்க ஊடு!" என் கையை முறுக்கிப் பிடுங்கியேவிட்டாள். மைதானமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அப்படியொரு கைதட்டலை அதற்குமுன் எந்தப் பாரதமாதாவும் வாங்கியதில்லை. நானே வாங்கிக் கொடுத்தேன், என் தலையெழுத்து.

அந்த நேரம் பார்த்து யாரோ எடுத்த படம் செல்வி வீட்டில் ரொம்ப நாள் தொங்கியது. சாவியைத் தூக்கிப் பிடித்தபடி அவள். ஓரத்தில் காக்கிச் சட்டைக்குள் ஒரு முழங்கை, அவ்வளவுதான் நான். வருகிறவர்களெல்லாம் அவளைப் பார்த்து வியப்பார்கள். அவளோ அந்த ஓரத்தைத் தொட்டுக் காட்டி, "இவ இல்லாங்காட்டி இது ஏது?" என்பாள். கிண்டல் பண்ணுகிறாள் என்று அதற்கும் எரிந்தேன்.

நாடகம் எப்போதோ நின்றுபோனது. எங்கள் வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். படம் யாரிடம் இருக்கிறதோ தெரியாது. போன ஆடியில் செல்வியும் போய்ச் சேர்ந்தாள். அந்த முழங்கை யாருடையது என்று சொல்ல இருந்தவள் அவள் ஒருத்திதான்.