விமானத்துக்கு மூக்குச் செய்தவர்

கல்யாணமான புதிதில் என் கணவரும் நானும் சண்டை பிடிக்காத ஒரே விஷயம் வேலைதான். அவர் தொண்டைமானாற்றில் பைபர் வள்ளம் கட்டுபவர். நான் பலாலி விமானத்தளத்தில் வானொலிக் கருவிகளைப் பழுதுபார்ப்பவள். அவர் பைபர் ஒட்டும் ரெசின் பசையின் மணம் எனக்குப் பிடிக்காது. என் கருவிகளின் பெயர் அவர் வாயில் நுழையாது. அவரவர் பாட்டில் வேலைக்குப் போய் வந்தோம், வீட்டில் நிம்மதி இருந்தது. அதைக் கெடுத்தது ஒரு நாரை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு, சித்திரை மாதம். ஆடியில் வெடிக்கப்போகும் கலவரம் எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் தளத்து வாசலில் சோதனை கூடியிருந்தது, சிப்பாய்களின் முகத்தில் சிரிப்புக் குறைந்திருந்தது. கொழும்பிலிருந்து படையின் பழைய போக்குவரத்து விமானம் ஒன்று அடிக்கடி வரும். சிப்பாய்கள், தபால் மூட்டைகள், இடமிருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகள் என்று எல்லாவற்றையும் ஏற்றும். அதன் ரேடாருக்கு ஏறத்தாழ என் வயது. விமானி ஒரு ரப்பர்க் கவசத்துக்குள் முகத்தைப் புதைத்துப் பார்த்தால், வட்டத் திரையில் மங்கலாக ஒரு கோடு சுற்றும். முன்னால் இருப்பது இடிமுகிலா, கருவியின் கோளாறா என்று சொல்ல நல்ல அனுபவம் வேண்டும்.

அந்த விமானம் ஒருநாள் இறங்கும்போது நாரை அதன் மூக்கில் மோதியது. மூக்கு என்பது பைபரால் செய்த கூம்பு. அதற்குள்தான் ரேடாரின் தட்டு ஆடிக்கொண்டிருக்கும். கூம்பு வெடித்து, உள்ளே தட்டும் நெளிந்துவிட்டது. ரேடார் எப்படியும் மாற்றவேண்டியது என்பதால் புதியதைப் பெட்டிகளில் அனுப்பிவைத்தார்கள். புது மூக்கு மட்டும் இல்லை. அது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், மாதக்கணக்காகும்.

ரேடாரைப் பூட்ட வந்த இஞ்சினியர் ஒரு சிங்களவர், தலை நரைத்தவர். அவருக்குக் கைக்கு உதவியாக எங்கள் பிரிவு என்னை விட்டது. கந்தோரில் கூட வேலைசெய்த எல்லோரும் என்னை ‘மிஸிஸ்’ என்று கூப்பிட, அவர் மட்டும் ‘மகள்’ என்பார். அவருக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. இந்தப் பக்கத்தில் பைபர் ஒட்டத் தெரிந்த ஒருவரும் இல்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது. என் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார் என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னால் மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உவங்கடை பிளேனுக்கு நான் ஏன் மூக்குச் செய்ய வேணும்?”

“உங்கடை பெரியம்மாவைக் கொழும்புக்குக் கொண்டுபோனது உந்தப் பிளேன்தானே.”

“அது வேறை.”

“என்ன வேறை? முகிலுக்கை போய் மாட்டினால் பெரியம்மா, சிப்பாய் எண்டு பார்த்தோ விழும்?”

அவர் சாப்பிட்டுக் கைகழுவி வந்து, “சரி, வாறன். பாத்திட்டுத்தான் சொல்லுவன்” என்றார்.

பார்த்ததும் ஆள் மாறிவிட்டார். கூம்பின் வளைவில் உள்ளங்கையை வைத்துத் தடவியபடி, “உது வள்ளத்தின்ரை முன் அணியம் மாதிரித்தான்” என்றார். வெடிப்பைச் சீவி, பைபர் வைத்து, ரெசின் பூசி, தேய்த்து, கடைசியில் வெள்ளைப் பெயின்ற் அடித்தார். எங்கே வெடித்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இஞ்சினியர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கூத்துப் பார்ப்பதுபோல அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை என் கணவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறிவிடுவார்.

புது ரேடாரின் திரை சின்னச் சதுரம். கவசம் வேண்டாம், பகல் வெளிச்சத்திலேயே தெரியும். இலேசான மழை பச்சை, கனத்தது மஞ்சள், கிட்டப் போகவே கூடாதது சிவப்பு. பூட்டி முடித்த பின்னேரம் தெற்கே கறுகறுவென்று முகில் திரண்டு நின்றது. சோதனைக்கு இதைவிட என்ன வேண்டும்? கருவியைப் போட்டேன். திரையின் அடியில் ஒரு பளிச்சென்ற திட்டு, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. முகில் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, திரை வெறுமையாக இருக்கிறது.

பிழை என்னுடையதாகத்தான் இருக்கும் என்று எல்லா இணைப்புகளையும் கழற்றித் திரும்பப் பூட்டினேன். அடுத்த நாளும் முகில் வந்தது, திரையில் மாற்றமில்லை. எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. மூக்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பார்ப்போம் என்றேன். கழற்றினார்கள். தட்டுக்கு முன்னால் யாரும் நிற்கக்கூடாது என்று எல்லோரையும் விரட்டினேன், புதிதாக வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி உட்பட. போட்டேன். பச்சை வந்தது, அதற்குள் மஞ்சள், நடுவில் ஒரு பொட்டுச் சிவப்பு. அப்படியே அந்த முகில்.

எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல் இருந்தது. மறுகணம்தான் உறைத்தது. என் வேலை சரியென்றால் பிழை மூக்கில். அதை அத்தனை பேர் முன்னிலையில் காட்டிக்கொடுத்தவள் நான்தான்.

பாதுகாப்பு அதிகாரி பேனாக்கத்தியால் வெள்ளைப் பெயின்றைச் சுரண்டினார். அடியில் வெள்ளி நிறம் மினுங்கியது. இது என்ன என்று கேட்டார்.

“அலுமினியத் தூள்” என்றார் என் கணவர். “வெயில் பைபரைத் தின்னும். நல்ல வள்ளத்துக்கு முதல் பூச்சு உதுதான். விலை கூடினது. எல்லா வள்ளத்துக்கும் நான் போடமாட்டன்.”

தன்னிடம் இருந்ததில் திறமானதைத்தான் மனிதர் பூசியிருக்கிறார். மேலே வெள்ளை அடி என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். அடியில் என்ன என்று இஞ்சினியரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ரேடாரின் அலை பைபரை ஊடுருவும், உலோகத்தில் பட்டுத் திரும்பிவிடும். புதுக்கண் வாங்கி அதற்குத் துணி கட்டிய கதையாகிவிட்டது.

அந்த அதிகாரிக்கு இது கதையாகப் படவில்லை. உலோகம் பூசினால் விமானம் குருடாகும் என்று உன் மனைவிக்குத் தெரியாதா, இருவரும் சேர்ந்து செய்ததா என்று இஞ்சினியர் மூலம் கேட்டார். ரேடார் சரியாகாவிட்டால் என் கணவரை விசாரணைக்குக் கொழும்புக்கு அனுப்பவேண்டிவரும் என்றார். விசாரணைக்கென்று வண்டியில் ஏற்றிய தமிழ் இளைஞர்கள் எப்போது திரும்புவார்கள் என்று அப்போது யாரும் சொல்லமாட்டார்கள். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த மனிதரை இதற்குள் இழுத்துவிட்டவள் நான் என்று மனம் அடித்துக்கொண்டது.

இஞ்சினியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, “சுரண்டுவோம்” என்றார்.

மூவரும் மணல் கடதாசியால் தேய்த்தோம். வெள்ளித்தூள் பறந்து இஞ்சினியரின் மீசை மினுங்கியது. என் கணவர் சூரியனுக்கு எதிரே கூம்பைத் தூக்கிப்பிடித்து, ஒளி ஊடுருவாத இடத்தையெல்லாம் திரும்பத் திரும்பத் தேய்த்தார். பிறகு சாதாரணப் பெயின்றை மெல்லிதாக அடித்து மூக்கைப் பூட்டினோம்.

அதோடு முகில் ஒழிந்துபோனது. நாள்முழுக்க நீலவானம். வலிகாமம் முழுக்கப் புகையிலை காயப்போட்டவர்கள் சந்தோஷமாக இருக்க, நான் ஒருத்தி மட்டும் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். முகில் இல்லாமல் எதை வைத்து நிரூபிப்பது? பாதுகாப்பு அதிகாரி ஒவ்வொரு காலையும் வந்து பார்த்துவிட்டுப் போனார். இங்கே வராத முகிலை நாங்களே தேடிப் போவோம் என்றார் இஞ்சினியர். வன்னிப் பக்கம் பின்னேரங்களில் இடி முழங்குகிறதாம். ரேடார் குருடாகவே இருந்தால் அந்த முகிலுக்குள் போய் விழவும் கூடும் என்று விமானி தயங்கினார்.

அப்போது என் கணவர் முன்னால் வந்தார்.

“நானும் ஏறிறன் எண்டு சொல்லும்” என்றார் என்னிடம். “எங்கடை பக்கத்திலை வள்ளம் கட்டினவன் முதல் ஓட்டத்துக்கு ஏற வேணும். ஏறாட்டி அந்த வள்ளத்தை ஒருத்தரும் வாங்கமாட்டினம்.”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன், இஞ்சினியர் அதைச் சிங்களத்தில் சொன்னார். பாதுகாப்பு அதிகாரி என் கணவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு விமானத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

நான் விமானிகளுக்குப் பின்னால் முழங்காலில் நின்றேன். என் கணவர் இன்னும் பின்னே பலகை இருக்கையில் பட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். மேலே போனதும் இஞ்சினியர் சொன்னபடி தட்டைக் கீழே சரித்தேன். கீரிமலைக் கரை திரையில் கோடாக விழுந்தது. கடல் கறுப்பு, கரை பச்சை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை. தெற்கே போனபோது கண்ணுக்கு முன்னால் வெறும் வெள்ளை, எல்லா முகிலும் ஒரே மாதிரி. திரையில் மட்டும் ஒரு முகிலின் வயிற்றில் சிவப்பு. விமானி இடப்பக்கம் திருப்பினார். ஓரத்து மழை கண்ணாடியில் அடித்தது, ஆட்டம் பெரிதாக இல்லை. சிவப்பு மெல்ல மெல்ல வலப்பக்கமாக விலகிப் போனது. விமானி முதன்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

விமானம் தரையிறங்கியதும் இஞ்சினியர் பாதுகாப்பு அதிகாரியிடம் நீளமாகச் சிங்களத்தில் கதைத்தார். அதிகாரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, விமானத்துக்குள் ஏறி என் கணவரிடம் வந்து தமிழில், “போகலாம்” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தேன். இன்னும் இரண்டு விமானங்களுக்கு ரேடார் மாற்ற இருக்கிறது, உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் மகள், ஆனால் அந்த வெள்ளித் தூளை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்றார் இஞ்சினியர்.

என் கணவர் அப்போதும் இருக்கையைவிட்டு எழும்பவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால், இரண்டு கையாலும் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. புயலிலும் கடலுக்குப் போய் வந்த மனிதர்.

“பயந்தனீங்களோ?”

“பயமோ? இண்டையோடை சரி எண்டு நினைச்சன். உந்தத் தூள் முழுக்கப் போச்சுதோ எண்டு எனக்கு இப்பவும் தெரியாது.”

“பிறகேன் ஏறினீங்கள்?”

“உள்ளுக்கை பூட்டினது நீர்தானே” என்றார். “பிழையெண்டால் நீர் ஏறவிட்டிருக்கமாட்டீர்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டியை நானே கழற்றிவிட்டேன். பாதுகாப்பு அதிகாரியும் சிப்பாய்களும் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தேன். ஊரில் புருஷனும் பெண்சாதியும் கைபிடித்து நடக்கிற வழக்கம் கிடையாது. அன்றைக்கு எனக்கு அதைப் பற்றிக் கவலையும் கிடையாது.