தாம்பாளத்தில் கேட்ட நாடி

எழுபதுகளின் நடுவில், ஐப்பசி மழை விடாமல் பெய்த நாட்கள். மந்தைவெளியில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். என் கணவருக்கு தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. சிறுவயதுக் காய்ச்சலில் பழுதான இதயம் அவருக்கு. தீபாவளிக் கூட்டத்தில் ஓயாமல் நின்றதில் மூச்சுத் திணறல் வந்து, டாக்டர் ஒரு புது மாத்திரை எழுதிக்கொடுத்துப் படுக்கையில் இருக்கச் சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் குடித்த கஞ்சியை அப்படியே வாந்தி எடுத்தார். சுவரெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். பித்தம்தான் என்று நினைத்தேன். ஆனால் கையைப் பிடித்துப் பார்த்தபோது சில்லிட்டிருந்தது. டாக்டருக்குப் போன் செய்யக் கீழே ஓடினேன்.

போன் கீழே வீட்டுக்கார மாமியின் கூடத்தில் இருந்தது. மாமி குளித்து மடியாகச் சமையலில் இறங்கிவிட்டால், அது முடியும்வரை வெளிச்சாமான் எதையும் தொட மாட்டார். போன் அலறினாலும் நான்தான் மாடியிலிருந்து ஓடிவர வேண்டும். சம்பளமில்லாத ஆபரேட்டர் என்று என் கணவர் கேலி செய்வார்.

டாக்டரைப் பிடித்துவிட்டேன். தெருவில் இடுப்பளவு தண்ணீர், காரை எடுக்க முடியவில்லை என்றார். மஞ்சளாகத் தெரிவது புது மாத்திரை உடம்பில் அதிகமானதன் அடையாளமாக இருக்கலாம், அளவு மீறினால் அது இதயத்தையே மந்தமாக்கிவிடுமாம். நாடி எவ்வளவு என்று எண்ணிச் சொல்லச் சொன்னார். மேலே ஓடினேன். கடிகாரத்தைப் பார்த்தால் எண்ணிக்கை தப்பியது, எண்ணினால் முள் தப்பியது. திரும்ப வந்து அழாத குறையாகச் சொன்னேன். டாக்டர் ஒரு வழி சொன்னார்.

"நீங்க எண்ண வேண்டாம். ஒவ்வொரு துடிப்புக்கும் எதையாவது தட்டுங்க, நான் இங்கே எண்ணிக்கறேன். துடிப்பு நின்னா நீங்களும் நில்லுங்க. நீங்களா ஒண்ணு சேர்த்துடாதீங்க."

யார் ரிசீவரை மாடிப்படி பக்கம் பிடித்துக்கொண்டு நிற்பது? நான் விழித்ததைப் பார்த்த மாமி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பூஜையறைப் பித்தளைத் தாம்பாளத்தை என் கையில் கொடுத்தார்.

"ஸ்பூனால தட்டு, நன்னா கேக்கும். நான் பிடிச்சுண்டு நிக்கறேன், நீ போ."

"மாமி, மடி..."

"கிடக்கட்டும் போ."

மாடியில் என் இடது கை விரல்கள் கணவரின் மணிக்கட்டில், வலது கையில் ஸ்பூன். தட்டினேன். மெதுவாகத்தான் வந்தது. இரண்டு வரும், அப்புறம் ஒன்றுமே இருக்காது.  அந்த இடைவெளியில் நானே ஒரு தட்டு தட்டிவிட்டால்தான் என்ன என்று கை துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பூனைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தேன். அவருடைய இதயம் ஓடுவதை அவரே படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் நிப்பாட்டிட்ட?" என்று கேட்டார்.

"கை வலிக்கி" என்றேன்.

கீழேயிருந்து மாமி குரல் கொடுத்தார். "மாத்திரையை நிறுத்தச் சொல்றார். ஒண்ணுகூட குடுக்கப்படாதாம். மணிக்கு ஒரு தரம் அவரே கூப்பிடுவாராம்."

மாத்திரையை நிறுத்தினால் எப்படித் தேறுவது, கடைக்குப் போக வேண்டாமா என்று இவர் சண்டைக்கு வந்தார். மாத்திரைப் புட்டியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அதற்கப்புறம் போன் அடிப்பதும், மாமி எடுப்பதும், நான் தட்டுவதுமாக அன்றைய பொழுது போனது. மாமி வீட்டில் அன்று சமையலே நடக்கவில்லை. சாயங்காலத்தில் இடைவெளிகள் குறைந்தன. இருட்டுவதற்குள் தண்ணீர் கொஞ்சம் வடிய, டாக்டர் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, பாதி தூரம் நடந்தே வந்து சேர்ந்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"மத்தியான மாத்திரை உள்ளே போயிருந்தா, நான் வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காதும்மா" என்றார். அப்போதுதான் அழுதேன்.

என் கணவர் அதற்குப் பிறகு எத்தனையோ தீபாவளிக்குச் சேலை விற்றார். மனசு கேட்காமல் அன்று அந்த இடைவெளிகளை நானே தட்டி நிரப்பியிருந்தால் டாக்டருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றியிருக்கலாம். அதனால் பிள்ளைகள் யாராவது கெட்ட சேதியைப் பூசி மெழுகிச் சொல்ல வரும்போது, உள்ளதை உள்ளபடி சொல், நான் தாங்கிக்கொள்வேன் என்றுதான் இன்றும் சொல்கிறேன்.