ஆறாம் பெட்டும் எட்டாம் பெட்டும்

அன்றைக்கு மத்தியானம் வார்டில் இருந்தது ஐந்து பேர். நர்ஸ் சிஸ்டர், ஆறாம் பெட்டில் சர்க்கரைக்கார அம்மா, எட்டாம் பெட்டில் காய்ச்சல்கார அம்மா, அவங்க மகள், ஆயா வேலை பார்க்கும் நான்.

வேங்கிக்கால் பக்கம் சின்ன ஆஸ்பத்திரி. யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், பெட் நம்பர்தான்.

ஆறாம் பெட்டுக்கு மேலே ஃபேன் ஓடவில்லை. அந்த அம்மா புழுக்கத்தில் முனகினாங்க. காய்ச்சல்கார அம்மா, "எனக்குக் குளிருதும்மா, நான் அங்க படுத்துக்கறேன்"னாங்க. நானே இரண்டு பேரையும் இடம் மாற்றிப் படுக்க வைத்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான், ஃபைலைத் தொடவே பயம். இரண்டு பேர் ஃபைலும் பழைய கட்டிலிலேயே தொங்கியது. சிஸ்டரிடமும் சொல்லவில்லை.

சிஸ்டர் வந்து ஆறாம் பெட்டுக்கு இன்சுலின் ஊசி போட்டுட்டுப் போனாங்க. கொஞ்ச நேரத்தில் அங்கே படுத்திருந்த காய்ச்சல்கார அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. "காய்ச்சல் விடுது பாப்பா, பயப்படாதே"ன்னு மகளுக்கு நானே தைரியம் சொன்னேன். அப்புறம் கூப்பிட்டால் பதில் இல்லை. சர்க்கரைக்கார அம்மாவோட ஊசி இவங்களுக்குப் போயிடுச்சுன்னு அப்போதான் எனக்கு உறைத்தது. சிஸ்டரிடம் ஓடி, பெட் மாற்றினதைச் சொன்னேன். குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தாங்க.

"பேரைக் கேக்காம ஊசி போடுவியா?" என்று டாக்டர் கத்தினார். சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தாங்க, என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. வேலை போயிடுமேன்னு நானும் வாயைத் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து சிஸ்டரை வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க.

இப்போ தண்ணி கொடுக்கப் போனாலும் "உங்க பேர் என்னம்மா?"ன்னு கேட்டுட்டுத்தான் கொடுக்கறேன். பெட் மாற்றினால் ஃபைலையும் கையோடு எடுத்துட்டுப் போறேன். தப்பு என்னோடதுன்னு டாக்டர்கிட்ட மட்டும் இன்னும் சொல்லவில்லை.