ஸ்டெல்லா எனக்கு வைத்த பெயர்

எங்கள் நாகர்கோவில் ஆபீஸில் சனிக்கிழமைதோறும் ஒருவர் தன் கதையைச் சொல்ல வேண்டும். ஏற்பாடு என்னுடையது.

இன்று ஸ்டெல்லாவின் முறை. அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. அவள் கையால் சொல்ல, கூட வந்த அக்கா ஜெசி குரல் கொடுத்தாள்.

"ஒங்க எல்லாருக்கும் இவ கையாலயே பேரு வச்சிருக்கா. வீட்டுல தெனமும் ஒங்க கதைதான்."

திகைத்துப்போனோம். இதுவரை அவளைப் பார்த்துச் சிரித்ததோடு சரி.

மேனேஜரின் பெயர், மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி. அவர்தான் முதலில் சிரித்தார்.

பிறகு, "எனக்க பேரு என்ன மக்கா?" என்று ஆளாளுக்கு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

என் முறை வந்ததும் விரல்களை வாத்தின் அலகுபோல் படபடவென்று திறந்து மூடினாள்.

"ஓயாமப் பேசுற ஆளு," என்றாள் ஜெசி.

மத்தியானம் ஸ்டெல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடப் போட்டி. எனக்கு இடம் கிடைக்கவில்லை.

உங்கள் ஆபீஸில் உங்களுக்கு என்ன பெயர், தெரியுமா?