எலுமிச்சம்பழம் வைக்க வேண்டிய இடம்

என் வீட்டுக்காரர் பட்டாளத்துப் பழைய ஜீப் ஒன்றை வாங்கி, ஸ்பிரிங்கை உயர்த்தி, லாரி டயர் மாட்டினார். நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன். அதை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக் கடைப் பலகைகள் என் கண்ணெதிரே மிதந்து போயின. சாங்கிக் கடற்காற்றில் கண் சொருகியது.

"ஏங்க, ஏறத்தான் ஏணி வேணும். மத்தபடி சொர்க்கம்லா!" என்றேன்.

அடுத்த வளைவில் அவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, டயர் மட்கார்டில் சிக்கி இறுகியது. வண்டி கடலைப் பார்த்துச் சறுக்கி, தென்னைமரத்தில் முட்டி நின்றது. தெய்வாதீனமாக எங்களுக்குக் கீறல்கூட இல்லை.

ஓடிவந்த போலீஸ்காரர் தமிழர். "அண்ணே, இது ஜீப்பா, தேரா? இந்த உயரமும் டயரும் ரோட்டுக்கு ஆகாது. பழையபடி மாத்தி, வண்டிப் பரிசோதனையில காட்டிட்டு ஓட்டுங்க."

"பழம் வச்சோமே, தம்பி!"

"கீழ வச்சீங்க, அக்கா. மேல இடம் இருக்கான்னு பாத்தீங்களா?"

இப்போதெல்லாம் டயர் மாற்றினால், பரிசோதனைக்குப் போகுமுன் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பச் சொல்லி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எலுமிச்சம்பழத்தை விட்டுப் பார்க்கிறேன். நுழைந்தால் புறப்படுவோம். நுழையாவிட்டால் அதைப் பிழிந்து சர்பத் குடித்துவிட்டு வீட்டிலேயே இருப்போம்.