ரத்தினசாமியின் ஸ்கேல்

என் பேத்திக்கு ஆறு மாதம் ஆகிறது. மகள் காவேரி காலையில் பஸ் ஏறி ஹெப்பாளுக்கு வேலைக்குப் போனதும், எங்கள் இஸ்திரி வண்டி நிற்கும் புங்கமரத்துக் கிளையில்தான் குழந்தைக்குத் தூளி. அவள் கொட்டாவி விட்டால்கூட நானும் என் மனைவி நாச்சம்மாளும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். அப்படி இரண்டு சட்டை கருகியிருக்கிறது.

ஒரு நாள் காலையில் மரத்துக்கு எதிரே ஒருவர் வந்து மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மடியில் நோட்டு, கையில் இரும்பு ஸ்கேல். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஸ்கேலை நீட்டி மரத்தை அளந்தார். எழுதினார். மறுபடி அளந்தார்.

கரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரையே பார்த்தேன். போன வருஷம் பின் தெருவில் இப்படித்தான் ஒருவன் வந்து மூன்று மரத்தை அளந்து நம்பர் போட்டான். ஒரே மாதத்தில் மூன்றையும் வெட்டிவிட்டார்கள். இந்த நிழல் போனால் கரிப்பெட்டியை வைத்துக்கொண்டு வெயிலில் நிற்க முடியுமா? தூளியை எங்கே கட்டுவது?

"ஏம் புள்ள, அந்தாளு மரத்த அளக்கறான்" என்றேன்.

"போய்க் கேளுங்க."

"கேட்டா நெசத்தச் சொல்லுவானா? பின் தெருவுக்கு வந்தவனும் சும்மா பாக்கறேன்னுதான் சொன்னான்."

நான்கு நாள் விடாமல் வந்தார். டீ வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன். "வேண்டாங்க, கை நடுங்கும்" என்றார். டீயைக்கூடத் தொடாத ஆள் ஏதோ காரியமாகத்தான் வந்திருக்கிறான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

ஐந்தாம் நாள் நோட்டை நாற்காலியில் வைத்துவிட்டுக் கடைப் பக்கம் போனார். எட்டிப் பார்த்தேன். எழுத்து எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் வீட்டு நம்பர் பார்த்துத் துணி கொடுக்கிறவன், நம்பர் தெரியும். பக்கம் முழுக்கக் கோடும் நம்பரும். தூளி தொங்கும் கிளைக்கு மூன்று என்று போட்டு வட்டம் வேறு போட்டிருந்தது.

அன்று சாயங்காலமே நாச்சம்மாள் மரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி கட்டிவிட்டாள். "சாமி மரத்துல எவன் கை வைக்கறான்னு பாக்கறேன்."

மறுநாள் அவர் வந்து வெகுநேரம் மரத்தையே பார்த்தார். "நேத்து இந்த மஞ்சத் துணி இல்லீங்களே" என்றார். ரப்பரால் அழி அழியென்று அழித்தார். கடைசியில் தாளையே கிழித்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், அந்த மூணாம் நம்பர் கெளைல எம் பேத்தி தூங்கறா. வெட்டறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்."

"வெட்டறதா? நானுங்களா?"

அப்புறம்தான் தன் கதையைச் சொன்னார். பெயர் ரத்தினசாமி, ஊர் கொள்ளேகால். ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் உதிரி பாகங்களின் அளவைச் சரிபார்த்தவர். மயிரிழை தப்பினாலும் தூக்கி ஒதுக்குகிற வேலை. ரிட்டயர் ஆனதும் பிரஷர் வந்துவிட்டது.

"மரஞ்செடி பாத்து சும்மா வரைப்பா, மனசு லேசாகும்னு எம் பொண்ணு அஷ்வினி நோட்டு வாங்கிக் குடுத்துச்சுங்க. கெளை கெளையா நம்பர் போட்டு அளந்து பதினோரு மரம் வரைஞ்சேன். பதினொண்ணும் அளவு தப்பிப்போச்சு, கிழிச்சுட்டேன். இது பன்னெண்டாவது. பிரஷர் ஏறுனதுதான் மிச்சம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நம்புவதற்கு நான் தயாராக இல்லை.

"அப்ப நம்பர் இல்லாம வரைங்க பாக்கலாம். ஸ்கேல இங்க குடுங்க."

தயங்கித் தயங்கிக் கொடுத்தார். மடித்த துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். பென்சில் தாளில் படாமல் கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே நின்றது. அந்த நேரம் பார்த்துப் பேத்தி விழித்துக்கொண்டு காலை உதைத்தாள். தூளி ஆடியது, கிளையும் ஆடியது.

"ஆடுதுங்களே" என்றார்.

"பேத்தி முழிச்சுட்டா, இனி நிக்காது. ஆடறதயே போடுங்க."

போட்டார். அடிமரம் பெருத்துவிட்டது. இலையெல்லாம் கிறுக்கல். தூளி சுரைக்காய் மாதிரி தொங்கியது. "ஒண்ணுமே சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கிழிக்கவில்லை. டீ கொண்டுவந்தேன், குடித்தார்.

"நடிக்கறாரோ என்னமோ" என்றாள் நாச்சம்மாள்.

எனக்கும் அந்தச் சந்தேகம் இல்லாமல் இல்லை. அதனால் இப்போதும் அவர் வந்ததும் முதலில் ஸ்கேலை என்னிடம் ஒப்படைக்க வேண்டும். போகும்போதுதான் திருப்பிக் கொடுப்பேன். நேற்று அதை என்னிடமே மறந்துவிட்டுப் போனார். நான் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. மரத்தில் கட்டிய மஞ்சள் துணியையும் அவிழ்க்கவில்லை.